ராமானுஜன் கையில் இருந்த புத்தகங்கள்

 

போன பொங்கலுக்கு குருவிகுளத்துக்கு வந்திருந்தபோது, நம் கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதம் மூன்றாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவன் வீட்டுக்கு வந்தான். எம்.எஸ்ஸி. சேர ஜாம் நுழைவுத் தேர்வு எழுதப் போகிறானாம். என்ன புத்தகம் வாங்கணும் என்று கேட்கத்தான் வந்திருந்தான். கையில் ஒரு தாள். அதில் பதினோரு புத்தகங்களின் பெயர்கள், பக்கத்தில் விலை, கீழே கூட்டுத்தொகை. அந்தத் தொகையைப் பார்த்ததும் எனக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நானும் இதே மாதிரி ஒரு தாளை வைத்துக்கொண்டு அலைந்தவன்தான்.

அந்த வருஷம் அப்பா மிளகாய் விற்ற காசிலிருந்து மூவாயிரம் ரூபாய் கொடுத்தார். கோவில்பட்டிக்கு பஸ் ஏறிப்போய், பார்த்தவர் சொன்னதையெல்லாம் வாங்கினேன். கடையில் இல்லாததைச் சென்னையிலிருந்து தருவித்தேன். ஏழு தடித்தடிப் புத்தகங்கள். ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு அத்தியாயம் மட்டும் அழுக்காகியிருக்கும், மீதி பளபள என்று இருக்கும். தேர்வில் தோற்றேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் புத்தகங்களை மட்டும் மழைத்தண்ணீர் ஒழுகாத மூலையாகப் பார்த்து அடுக்கி வைத்தார். அதுதான் எனக்கு ரொம்ப வலித்தது.

ஆகவே அந்தத் தம்பியிடம் உடனே பட்டியல் எதுவும் சொல்லவில்லை. நாம் எல்லோரும் பேர் கேட்டிருக்கிற ஒரு மனிதரின் கதையைச் சொன்னேன். அதையே இங்கே எழுதுகிறேன். சீனிவாச ராமானுஜனின் கதை எல்லோருக்கும் தெரியும் என்று நினைப்போம். அவர் கையில் எந்தெந்தப் புத்தகம் எப்போது வந்தது, அது அவரை என்ன செய்தது என்று பார்த்தால் அது வேறொரு கதையாகத் தெரியும்.

1887 டிசம்பர் 22ஆம் தேதி ஈரோட்டில், தாயாரைப் பெற்ற பாட்டி வீட்டில் பிறந்தார் ராமானுஜன். வளர்ந்தது கும்பகோணத்தில், சாரங்கபாணி சன்னதித் தெருவில். தகப்பனார் ஜவுளிக் கடையில் கணக்குப்பிள்ளை. தாயார் கோமளத்தம்மாள் கோவிலில் பஜனை பாடுவார். வருமானம் பற்றாததால் வீட்டில் கல்லூரி மாணவர்களைத் தங்கவைத்துச் சாப்பாடு போட்டார்கள். வறுமைக்காகச் செய்த அந்த ஏற்பாடுதான் பையனுக்கு முதல் நூலகம் ஆயிற்று. 1897இல் ஆரம்பக் கல்வித் தேர்வில் தஞ்சாவூர் ஜில்லாவிலேயே முதலாவதாக வந்து, கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் சேர்ந்தார்.

வீட்டில் தங்கியிருந்த மாணவர்கள் மூலமாகக் கிடைத்த புத்தகம் லோனி எழுதிய திரிகோணமிதி. 1893இல் வெளிவந்த அந்தப் புத்தகம் இன்றைக்கும் நம் கடைகளில் நுழைவுத் தேர்வு அலமாரியில் இருக்கிறது! பெயரைப் பார்த்து முக்கோணக் கணக்கு மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டாம் பாகத்தில் சிக்கலெண்கள், மடக்கை, முடிவிலாப் பெருக்கல் எல்லாம் வரும். பதின்மூன்று வயதுக்குள் ராமானுஜன் அதைக் கரைத்துக் குடித்துவிட்டார். சைன், கோசைன் பற்றி ஒரு முடிவைத் தானாகவே கண்டுபிடித்து எழுதி வைத்தார். பிறகுதான் தெரிந்தது, அதை ஆய்லர் நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார் என்று. வெட்கப்பட்டு அந்தத் தாள்களை வீட்டுக் கூரையில் செருகி மறைத்தாராம். ஒரே ஒரு புத்தகத்தை அடி முதல் நுனி வரை போட்டுப் பார்த்த பையனுக்கு நேர்ந்தது இது. நம்மில் எத்தனை பேருக்கு அப்படி வெட்கப்படும் பாக்கியம் கிடைத்திருக்கிறது?

1903இல் கும்பகோணம் அரசுக் கல்லூரி நூலகத்திலிருந்து நண்பர் மூலமாக இரண்டாவது புத்தகம் வந்தது. கார் என்பவர் தொகுத்த கணிதச் சுருக்கம். இந்த ஜார்ஜ் ஷூபிரிட்ஜ் கார் பெரிய மேதையல்ல. லண்டனில் தனிப்பயிற்சி சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவர். கேம்பிரிட்ஜில் டிரைபோஸ் என்று ஒரு கணிதத் தேர்வு உண்டு. அந்தக் காலத்தில் அதில் எடுக்கும் இடத்தை வைத்துத்தான் ஒருவனுடைய எதிர்காலமே இருந்தது. அந்த மாதிரித் தேர்வுக்கு மாணவர்களைத் தயார் செய்ய வைத்திருந்த குறிப்புகளை 1880இலும் 1886இலும் இரண்டு பாகமாக அச்சிட்டார். இயற்கணிதம், நுண்கணிதம், வடிவியல் என்று ஆயிரக்கணக்கான முடிவுகள் வரிசை எண் போட்டு அடுக்கப்பட்டிருக்கும். நிரூபணம் என்று பார்த்தால் பல இடங்களில் முந்தைய எண்ணைப் பார்க்கவும் என்று ஒரு வரிதான். நம் பாஷையில் சொன்னால் அது ஒரு கைடு.

ஆம், உலகம் கொண்டாடும் கணித மேதையை உருவாக்கிய புத்தகம் ஒரு கைடுதான். இதைச் சொன்னதும் அந்தத் தம்பியின் முகம் மலர்ந்தது. அவன் பட்டியலில் கைடுகள் நாலு இருந்தன. கொஞ்சம் பொறுப்பா, கதை இன்னும் முடியவில்லை என்றேன்.

கார் நிரூபணம் கொடுக்காததால் ராமானுஜன் தானே ஒவ்வொன்றையும் நிரூபிக்க உட்கார்ந்தார். ஒரு முடிவை நிரூபிக்கும்போது பக்கத்தில் இன்னொன்று முளைக்கும். அதைப் பிடித்துக்கொண்டு போனால் புத்தகத்திலேயே இல்லாத இடத்துக்குப் போய்விடுவார். தாள் வாங்கக் காசில்லை. சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, கடைசி விடையை மட்டும் நோட்டில் எழுதினார். அவருடைய நோட்டுகளில் நிரூபணம் அநேகமாகக் கிடையாது. அதற்குத் தாள் பஞ்சமும் காரணம், காரின் புத்தகம் பழக்கிய வழக்கமும் காரணம். புத்தகம் எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ அப்படித்தான் வாசிப்பவனும் எழுதப் பழகுகிறான்.

1904இல் உபகாரச் சம்பளத்தோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். அங்கேதான் விபரீதம். கணிதம் தவிர வேறு எதிலும் மனம் போகவில்லை. ஆங்கிலக் கட்டுரையில் தோற்றார். உபகாரச் சம்பளம் போயிற்று. 1905இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். 1906இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து மறுபடி முயன்றார். நடுவில் உடம்பு சரியில்லாமல் போயிற்று. அந்த வருஷக் கடைசியில் தேர்வு எழுதித் தோற்றார். 1907இல் தனித்தேர்வராக எழுதி மறுபடியும் தோற்றார். கணிதத்தில் நல்ல மார்க்குதான். உடலியல் முதலான பாடங்கள் காலை வாரிவிட்டன. தேர்வில் ஜெயிக்க எழுதப்பட்ட புத்தகம் ஒருவரைக் கணித மேதையாக்கியது, அவரே தேர்வில் தோற்றார். பட்டம் இல்லை, வேலை இல்லை. 1909இல் ஜானகி அம்மாளுடன் கல்யாணமும் ஆயிற்று.

நண்பர்களே, இந்த ஐந்தாறு வருஷங்களை நாம் வேகமாகத் தாண்டிவிடுகிறோம். மேதை என்பதால் எல்லாம் தானாக நடந்துவிட்டது போலப் பேசுகிறோம். நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு சென்னையில் வீடு வீடாக ஏறி இறங்கிய பையனை நினைத்துப் பாருங்கள். வேலை தேடி அலையும் நம் வீட்டுப் பிள்ளையிலிருந்து அவர் எந்த விதத்தில் வேறு?

1910இல் திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த ராமசாமி அய்யரைப் போய்ப் பார்த்தார். 1907இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர் அவர். நோட்டைப் பார்த்து அசந்துபோய்ச் சென்னையிலிருந்த கணித நண்பர்களிடம் அனுப்பி வைத்தார். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்துக் காப்பாற்றினார். 1911இல் பெர்னூலி எண்களைப் பற்றிய முதல் கட்டுரை கழகத்தின் இதழில் அச்சாயிற்று. 1912 மார்ச் முதல் தேதி சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு குமாஸ்தா வேலை கிடைத்தது. அங்கே மேலாளராக இருந்த நாராயண அய்யர் தாமே ஒரு கணிதப் பிரியர். தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஒரு பொறியாளர். சென்னைப் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் கிரிஃபித் என்பவர் ராமானுஜனுடைய கணக்குகளை லண்டனில் இருந்த ஹில் என்னும் பேராசிரியருக்கு அனுப்பினார். பொறியாளனாகிய எனக்கு இந்த இடத்தில் கொஞ்சம் பெருமை உண்டு!

இங்கேதான் மூன்றாவது புத்தகம். முடிவிலாத் தொடர்களில் ராமானுஜன் வழுக்கி விழுகிறார் என்று கருதிய ஹில், பிராம்விச் எழுதிய முடிவிலாத் தொடர்கள் பற்றிய நூலைப் படிக்கும்படி பதில் போட்டார். 1, 2, 3 என்று எல்லா எண்களையும் கூட்டினால் கழித்தல் பன்னிரண்டில் ஒன்று வரும் என்று எழுதி அனுப்பினால் யாருக்கும் பயமாகத்தானே இருக்கும்? அந்த விடைக்கு ஆழமான ஓர் அர்த்தம் இருந்தது, ஹில்லுக்கு அது பிடிபடவில்லை. ஆனால் அவர் சொன்ன புத்தகம் தப்பான புத்தகம் அல்ல. தொடர் எப்போது குவியும், எப்போது குவியாது, எந்த இடத்தில் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும் என்பதைக் காரின் கைடு சொல்லிக்கொடுக்கவே இல்லை.

நான்காவது புத்தகம் மெல்லியது. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டி 1910இல் எழுதிய சிறு நூல், முடிவிலியின் படிநிலைகளைப் பற்றியது. அதில், பகா எண்களின் எண்ணிக்கையைச் சொல்லும் துல்லியமான வாய்பாடு இன்னும் கிடைக்கவில்லை என்ற கருத்தில் ஒரு வரி ராமானுஜன் கண்ணில் பட்டது. தன்னிடம் இருக்கிறதே என்று நினைத்தார். 1913 ஜனவரி 16ஆம் தேதி ஹார்டிக்குக் கடிதம் போட்டார். கூடவே சுமார் 120 முடிவுகள். வேடிக்கை என்னவென்றால், பகா எண்களைப் பற்றி அவர் சொன்னது தப்பு. சிக்கலெண் சார்புகளின் கோட்பாடு அவர் படித்த எந்தப் புத்தகத்திலும் ஒழுங்காக வரவில்லை. காஷியின் தேற்றத்தைக்கூட அவர் அறிந்திருக்கவில்லை. ஆனால் மற்ற முடிவுகளில் சில, ஹார்டியும் லிட்டில்வுட்டும் அதுவரை கண்டிராதவை. ஏமாற்றுக்காரன் கற்பனை செய்து எழுதக்கூடியவை அல்ல என்று முடிவு கட்டினார்கள்.

ஹார்டிக்கு ஏன் புரிந்தது? அவருக்கும் ஒரு புத்தகக் கதை உண்டு. 1896இல் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்த ஹார்டி, டிரைபோஸுக்காகப் பிரபலமான பயிற்சியாளர் ஒருவரிடம் போனார். கேள்விக்குப் பதில் எழுதும் வித்தையைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. கணிதத்தையே விட்டுவிட்டுச் சரித்திரம் படிக்கலாமா என்று யோசிக்கும் அளவுக்கு வெறுத்துப்போனார். லவ் என்னும் பேராசிரியர் ஜோர்டான் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதிய பகுப்பாய்வு நூலைப் படிக்கச் சொன்னார். கணிதம் என்றால் என்ன என்றே அதைப் படித்த பிறகுதான் தெரிந்தது என்று ஹார்டி பிற்காலத்தில் எழுதினார். 1898 தேர்வில் அவருக்கு நான்காம் இடம். பிறகு அந்தத் தேர்வின் தர வரிசை முறையையே எதிர்த்துப் போராடினார். 1909ஆம் வருஷத்தோடு வரிசைப்படி பெயர் வெளியிடுவது நின்றது. ஆக, ஒரே தேர்வின் நிழலில் வளர்ந்த இரண்டு பேர். ஒருவருக்கு அந்தத் தேர்வுக்கான கைடு மட்டும் கிடைத்தது. இன்னொருவர் அந்தக் கைடு உலகத்திலிருந்து தப்பி நல்ல புத்தகத்துக்குப் போனார். இருவரும் சேர்ந்தபோதுதான் காரியம் நடந்தது.

1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. 1914 மார்ச் 17ஆம் தேதி கப்பலேறினார். கேம்பிரிட்ஜில் ஹார்டிக்கு ஒரு தர்மசங்கடம். இவருக்கு முறையான கணிதத்தைச் சொல்லிக்கொடுக்காமலும் இருக்க முடியாது. பாடம் நடத்துகிறேன் என்று அவருடைய ஊற்றை அடைத்துவிடவும் கூடாது. பக்குவமாகச் சொல்லிக்கொடுத்தார், தானும் கற்றுக்கொண்டார். 1916இல் ஆராய்ச்சிக்காகக் கேம்பிரிட்ஜ் பட்டம் கிடைத்தது. எஃப்.ஏ. தேறாதவருக்கு! 1918இல் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ, அதே வருஷம் டிரினிட்டி கல்லூரி ஃபெல்லோ. ஓர் எண்ணை எத்தனை விதமாகக் கூட்டல்களாகப் பிரிக்கலாம் என்பதற்கு இருவரும் சேர்ந்து கண்ட வாய்பாடும் அந்த வருஷத்தில் வெளிவந்ததுதான்.

போர்க்காலம், சைவச் சாப்பாட்டுக் கஷ்டம், குளிர். 1917இல் விழுந்த உடம்பு தேறவில்லை. 1919இல் ஊர் திரும்பினார். 1920 ஜனவரியில் படுக்கையிலிருந்தபடியே போலி தீட்டா சார்புகள் என்ற புதிய கண்டுபிடிப்பை ஹார்டிக்கு எழுதினார். ஏப்ரல் 26ஆம் தேதி சென்னை சேத்துப்பட்டில் காலமானார். வயது 32. ஜானகி அம்மாள் திருவல்லிக்கேணியில் நெடுங்காலம் வாழ்ந்து 1994இல் மறைந்தார். கடைசிக் காலத்தில் ராமானுஜன் எழுதிய தாள்கள் 1976இல்தான் டிரினிட்டி நூலகத்தில் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் கண்ணில் பட்டன. பழைய நோட்டுகளில் இருந்த முடிவுகளுக்கெல்லாம் நிரூபணம் தேடி, பெர்ண்ட் என்பவர் 1985 முதல் 1998 வரை ஐந்து பாகங்கள் வெளியிட வேண்டியிருந்தது. காரின் புத்தகம் எழுதாமல் விட்ட நிரூபணங்களின் கடன் அத்தனை வருஷம் கழித்துத் தீர்ந்தது என்றே நான் நினைத்துக்கொள்வேன்.

கதையை முடித்துவிட்டு, அந்தத் தம்பியின் தாளை வாங்கி மேஜைமேல் வைத்தோம்.

ஜாம் கணிதத் தேர்வில் மூன்று மணி நேரத்தில் 60 கேள்விகள், 100 மதிப்பெண். ஒரு விடை உள்ளவை, ஒன்றுக்கு மேல் விடை உள்ளவை, எண்ணை நாமே கணக்கிட்டுப் போடவேண்டியவை என்று மூன்று வகை. தப்புக்கு மார்க் குறைப்பது முதல் வகையில் மட்டும். மனப்பாடத்துக்கு மசியாத தேர்வு அது. ஆகவே முதலில் பாடத்திட்டத்தையும் பழைய கேள்வித்தாள்களையும் எடு, அவற்றுக்குக் காசு தேவையில்லை என்றேன். கேள்வித்தாளைப் பார்த்த பிறகு புத்தகம் தேடு, புத்தகம் வாங்கிய பிறகு பாடத்திட்டத்தைப் பார்க்காதே.

அடுத்து, ஒரு பாடத்துக்கு ஒரே ஒரு மூலநூல். மெய்யெண் பகுப்பாய்வுக்கு பார்ட்டில், ஷெர்பெர்ட் எழுதியது. இயற்கணிதத்துக்கு காலியன் போதும், தெம்பிருந்தால் ஹெர்ஸ்டீன். நாராயணனும் மாணிக்கவாசகம் பிள்ளையும் எழுதிய நுண்கணிதத்தை நம் வகுப்பிலேயே கையில் வைத்திருந்தோமே, அதிலுள்ள பயிற்சிக் கணக்குகளை யார் முழுதாகப் போட்டிருக்கிறோம்? கல்லூரி நூலகத்தில் எது இருக்கிறது என்று பார்த்துவிட்டு, இல்லாததை மட்டும் வாங்கு. வாங்குமுன் கடையில் நின்று ஒரு நிரூபணத்தைப் படித்துப் பார். புரியாத இடம் ஒன்று இரண்டு இருந்தால் அது உனக்கான புத்தகம். ஒன்றுமே புரியாவிட்டாலும், எல்லாமே புரிந்துவிட்டாலும் வைத்துவிடு.

கைடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ராமானுஜனைப் போலப் பயன்படுத்து என்கிறேன். விடையை மூடிவைத்து நீயே நிரூபித்துப் பார். ஆனால் அவருக்கு நேர்ந்த நஷ்டத்தையும் மறக்காதே. தப்பைக் காட்டிக்கொடுக்க அருகில் ஒரு மனிதர் வேண்டும். அவருக்கு ஹார்டி 26 வயதில்தான் கிடைத்தார். உனக்கு உன் துறையிலேயே ஆசிரியர்கள் இருக்கிறார்கள், கதவைத் தட்ட வேண்டியதுதான் பாக்கி. பிடிக்காத பகுதியை ஒதுக்குவதும் கூடாது. கேட் தேர்வு எழுதும் நண்பர்கள் பொதுத்திறன் பகுதியின் 15 மதிப்பெண்ணைத் தூக்கிப் போடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எஃப்.ஏ. உடலியல் பாடம்தான் ஞாபகம் வரும்.

மேதைகள் காவிரிக் கரையில்தான் பிறப்பார்கள் என்று அவன் நினைத்துவிடக் கூடாதே என்று இன்னொரு பெயரும் சொன்னேன். எஸ்.எஸ். பிள்ளை, 1901இல் குற்றாலம் பக்கத்து வல்லத்தில் பிறந்தவர். இன்றைய கணக்கில் நம் தென்காசி மாவட்டத்துக்காரர். சிறு வயதில் தாயை இழந்தவர், பள்ளிப் படிப்பு முடியுமுன் தகப்பனையும் இழந்தவர். ஓர் ஆசிரியரின் உதவியால் படித்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபடி வாரிங் கணக்கில் உலகப் புகழ் பெற்றார். எந்த எண்ணையும் ஆறாம் படி எண்களின் கூட்டலாக எழுத 73 எண்கள் போதும் என்று 1940இல் நிறுவியவர் இவர்தான். 1950 ஆகஸ்டு 31ஆம் தேதி, அமெரிக்காவில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்குப் போகும் வழியில், கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்தார். அவர் பெயர் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கே தெரியவில்லை என்பது நமக்குக் குறைதான்.

என் கதையையும் முடித்துவிடுகிறேன். தோற்ற மறு வருஷம் புதிதாக ஒரு புத்தகமும் வாங்கவில்லை. மூலையில் இருந்த ஏழில் இரண்டை மட்டும் எடுத்துக் கடைசிப் பக்கம் வரை போனேன். தேறினேன், எம்.எஸ்ஸி. படித்தேன், இன்று மென்பொருள் பொறியாளனாக இருக்கிறேன். அந்த இரண்டு புத்தகங்களில் அட்டை போய்விட்டது, தைத்து வைத்திருக்கிறேன். மீதி ஐந்தும் இன்னும் புதுக்கருக்கு மாறாமல் இருந்தன.

அந்த ஐந்தையும் தம்பிக்கே கொடுத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஒன்றை மட்டும் எடுத்துக் கொடுத்தேன். இதை முடித்துவிட்டு வா, அடுத்ததைத் தருகிறேன் என்றேன். பதினோரு பெயர் எழுதிய தாளை மடித்து அதற்குள் அடையாளமாக வைத்துக்கொண்டு போனான். போன வாரம் போன் பண்ணினான். நாலாவது அத்தியாயத்தில் ஒரு நிரூபணத்தில் தகராறாம். எனக்கும் உடனே விடை தெரியவில்லை. ராத்திரி முழுக்க இரண்டு பேரும் போட்டுப் பார்த்தோம்.

இந்த வருஷ ஒன்றுகூடலுக்கு வரும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு மூலையிலும் நாலு புத்தகம் சும்மா இருக்கும். வரும்போது எடுத்து வாருங்கள். துறை நூலகத்தில் கொடுப்போம். முதல் பக்கத்தில் உங்கள் பெயரோடு, நீங்கள் எந்தப் பக்கம் வரை படித்தீர்கள் என்பதையும் எழுதிக் கொடுங்கள். அடுத்து எடுப்பவர் அங்கிருந்து தொடரட்டும்.

வாழ்க நம் கல்லூரி!

— முன்னாள் மாணவர், கணிதத் துறை
குருவிகுளம், சங்கரன்கோவில் வழி